யாழ்ப்பாணத்தில் கரண்ட் போன ஞாயிறு

பிப்ரவரி 7, 2025, வெள்ளி: பலாலி, கரவெட்டி

நாகப்பட்டினத்தில் இருப்பவள் யாழ்ப்பாணம் போக முதலில் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும் என்பது என்ன நியாயமோ தெரியவில்லை. காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள்தான். மழைக்காலத்துக்கு நிறுத்தியதை இன்னும் தொடங்கவில்லை. தூங்காத கண்ணோடு விமானம் ஏறி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பலாலி வந்துவிட்டது.

வெளியே வந்தால் சிவப்பு மண், வெங்காயத் தோட்டம், வாழை, நடுநடுவே இன்னும் ராணுவ வேலி. வெயில் இருந்தது, புழுக்கம் இல்லை. நம் 100 ரூபாய்க்கு அவர்கள் பணம் 340 போலக் கிடைத்ததில் ஒரு நிமிடம் பணக்காரி ஆனேன். முதல் பால் தேநீருக்கு 100 ரூபாய் கேட்டதும் இறங்கிவிட்டேன்.

இந்தக் குறிப்பில் அக்கா என்று நான் எழுதுவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்கில் உள்ள வடமராட்சியில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவரை. சில வருடங்களுக்கு முன் சென்னையில் நடந்த பேரிடர் காலப் பயிற்சி ஒன்றில் பக்கத்து நாற்காலிக்காரர். நான் நாகையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியர். 2004 சுனாமி, 2018 கஜா என்று எங்கள் கரை வாங்கிய அடிகளைப் பற்றி நான் நீளமாகச் சொல்லி முடித்ததும், "அதுக்குப் பிறகு பக்கத்து ஆஸ்பத்திரியளோட என்ன கதைச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டவர். என்ன பதில் சொன்னேனோ, சுமாரான பதிலாகத்தான் இருந்திருக்கும்.

ராத்திரி கரவெட்டியில் அக்கா வீட்டில் பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். அக்காவின் அம்மா "வடிவாச் சாப்பிடும் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி மூன்றாவது முறையும் போட்டுவிட்டார். தண்ணீர்தான் நாக்கில் கரித்தது. சுண்ணாம்புக்கல் பூமி, எங்கும் கிணறு, பல கிணறுகளில் உப்பு.

சாப்பாட்டுக்கு அப்புறம் டிசம்பர் காய்ச்சல் பற்றிப் பேச்சு வந்தது. நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் எங்கள் பக்கம் கரையேறுவதற்கு முன் இங்கே கொட்டித் தீர்த்திருந்தது. வயலெல்லாம் வெள்ளம். அடுத்த இரண்டு வாரத்தில் வடமராட்சிப் பக்கம் ஆட்கள் காய்ச்சலோடு வந்தார்கள். சிலர் மூச்சுத் திணறி சீக்கிரமே இறந்துபோனார்கள். என்ன காய்ச்சல் என்றே முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வெடிப்போடு இறங்கினால் போதும், கிருமி உள்ளே போய்விடும். முற்றினால் சிறுநீரகமும் நுரையீரலும் போகும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே தொடங்கி வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் போட்டால் பெரும்பாலும் தப்பலாம். வயலில் இறங்குகிறவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

"ஒரு ஆஸ்பத்திரியில ஒராள் செத்தா அது ஒரு சாவு," என்றார் அக்கா. "அதே கிழமை மற்ற ஆஸ்பத்திரியிலயும் ஒராள், அவரும் வயலுக்குப் போற ஆள் எண்டு தெரிஞ்சாத்தான் மண்டைக்குள்ள மணி அடிக்கும். அதைத் தெரியிறதுக்கு ஆரோ ஒராள் போன் எடுக்க வேணும்."

பிப்ரவரி 8, சனி: நெடுந்தீவு

அக்காவுக்கு விடுமுறை. அவர் தம்பி தன் வேனில் குறிகட்டுவானுக்குக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். இடையிடையே கடலுக்கு நடுவே போட்ட பாதை. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் நின்று வலை இழுக்கும் ஆட்கள். புங்குடுதீவில் ஆள் இல்லாத பெரிய பெரிய வீடுகள். சொந்தக்காரர்கள் எல்லாம் பாரிஸிலும் டொரொண்டோவிலும் இருப்பார்கள் என்றார் தம்பி.

படகில் ஒரு மணி நேரம். அடித்தட்டில் உட்கார்ந்தால் டீசல் நாற்றம், மேலே நின்றால் உப்புத்தண்ணீர் முகத்தில். நான் அடித்தட்டில் உட்கார்ந்து காலையில் தின்ற இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி தன் பையிலிருந்து ஒரு தேசிக்காயை (எலுமிச்சை) எடுத்து, நகத்தால் கீறி, என் மூக்குக்குக் கீழே பிடித்தார். ஊர் பெயர் கூடக் கேட்கவில்லை. கரை வரும்வரை கையை எடுக்கவும் இல்லை.

தீவில் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், காட்டுக் குதிரைகள், பெருத்த அடியோடு ஒரு பெருக்க மரம். எல்லாரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அங்குள்ள ஆஸ்பத்திரி. சின்னது. கத்தி வைக்க வேண்டிய நோயாளி என்றால் கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ராத்திரியில் கடற்படைப் படகு வரும். அதற்கும் காற்று இடம் கொடுக்க வேண்டும்.

திரும்பும் படகில் கர்ப்பிணிப் பெண் ஒருவரை ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறி, கால் முகமெல்லாம் வீங்கியிருந்தது. கூட ஒரு தாதி. சேலைன் பையைத் தொங்கவிட இடமில்லை. மீன் பெட்டியோடு வந்த ஒருவர் அதை வாங்கி, கை வலிக்க வலிக்க மாற்றி மாற்றி, ஒரு மணி நேரமும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். தாதி சில நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்து, எண்ணைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். தாள் நனைந்துவிடும் அல்லவா.

குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணுக்குத் தெரிந்தபோது நான் கவனித்தது இதைத்தான்: ஆம்புலன்ஸ் பின்பக்கத்தைக் கடல் பக்கம் திருப்பி, கதவைத் திறந்து வைத்து நின்றது. கட்டில் சக்கரம் பூட்டி வெளியே தயாராக இருந்தது. கடற்படைக்காரர் இருவர் தூக்கிக் கொடுத்தார்கள். தாதி தன் உள்ளங்கையை ஆம்புலன்ஸ்காரரிடம் நீட்டி வாசித்தார், அவர் தாளில் எழுதினார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

சாரதியிடம் எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். "போட் வெளிக்கிட முதலே போன் வந்திட்டுது தங்கச்சி. பெரியாஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு. அங்க தியேட்டரில ஆள் நிக்குது."

இதை எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அவசரப் பிரிவு வாசலில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்கூட்டி ஒரு போன் வந்து நோயாளி வருவது எவ்வளவு அபூர்வம் என்று. எங்களுக்குப் பெரும்பாலும் கார் ஹாரன்தான் முன்னறிவிப்பு.

வேனில் திரும்பும்போது அக்கா பாடமே எடுத்துவிட்டார். ஏ9 வீதியில் ஒரு பஸ் பிரண்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். கிட்ட இருப்பது சாவகச்சேரி. முதலில் அங்கே வருவது யார்? சிராய்ப்பும் வீக்கமுமாக, தாமே ஆட்டோ பிடித்து வருகிறவர்கள். கட்டில் எல்லாம் நிறைந்த பிறகுதான் ரத்தம் போகிற ஆள் ஆம்புலன்ஸில் வருவார். அதனால் நடக்கிறவர்களை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்ப வேண்டும், மிக அவசரம் என்று சிவப்பு அட்டை கட்டினவரை மூச்சும் ரத்தமும் நிலைப்படுத்தி யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டும்.

"அதோட முடியேல்லை. பெரியாஸ்பத்திரிக்கு 20 பேர் போகினம் எண்டா, அங்க ஏற்கெனவே கிடக்கிற ஆக்களை எங்க போடுறது? தேறி வாற ஆக்களை நாங்கள் இஞ்சால எடுக்க வேணும். மேல அனுப்பிறதை மட்டும் எல்லாரும் ஒத்திகை பாப்பினம். கீழ எடுக்கிறதை ஆரும் பாக்கிறேல்லை."

இது என் மண்டையில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. கஜா அடித்த அன்று நாங்கள் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தோம். ஒரு ஆளைக் கூடத் திருப்பி எடுத்ததாக நினைவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு: கரவெட்டி

இன்று ஒடியற்கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) என்று நேற்றே முடிவாகியிருந்தது. பின்வளவில் மூன்று கல் வைத்து விறகடுப்பு. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, கடைசியில் புளியும் ஒடியல் மாவும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒரு பாத்திரத்தோடு எட்டிப்பார்க்கிற சமையல் இது. நான் பனையோலையில் பிளா, அதாவது கூழ் குடிக்கும் கிண்ணம், கோலப் பழகிக்கொண்டிருந்தேன். என் பிளா எல்லாம் ஒழுகின.

பதினொன்றரை இருக்கும். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. வழக்கமான கரண்ட் கட் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் கொழும்பிலிருந்து போன்: அங்கேயும் இல்லை. கண்டியிலும் இல்லையாம். அதாவது முழு இலங்கையிலும் இல்லை.

அக்கா அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டு போனை எடுத்தார். வாட்சப்பில் அவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது, வடமராட்சியிலும் வெளியிலும் உள்ள சில ஆஸ்பத்திரிகளில் தாதிகள், மருந்தாளர், சாரதிகள். மேலிடம் அமைத்த குழு இல்லை, 2022இல் பெட்ரோல் இல்லாமல் திண்டாடியபோது யார் வண்டியில் யார் டியூட்டிக்கு வருவது என்று பார்க்கத் தொடங்கியது. அந்த வருடம் மருந்தும் இல்லை, டீசலும் இல்லை. பலர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் தீர்ந்த ஊசி மருந்து இன்னொன்றில் இருக்கிறதா என்று கேட்டு, கணக்கு எழுதிக் கடன் வாங்கி ஓட்டினார்களாம்.

இன்று குழுவில் முதலில் வந்த கேள்வி: "டீசல் எத்தினை மணித்தியாலத்துக்குக் கிடக்கு?" ஒவ்வொரு இடமாகப் பதில். ஜெனரேட்டர் எல்லாம் சில நொடிகளில் பிடித்துவிட்டது. அதன்பின் அடுத்த அடுக்குப் பிரச்சினைகள் வரத் தொடங்கின. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடுகிறது, தண்ணீர் மோட்டர் ஜெனரேட்டர் இணைப்பில் இல்லை. மேல்தொட்டியில் இருப்பது மத்தியானத்துக்குக் கூடப் போதாது. அடுத்த ஊரிலிருந்து தண்ணீர் பவுசர் ஒன்றைத் திருப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் தடுப்பூசிப் பெட்டி பற்றிக் கவலை. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்கா குரல் பதிவு போட்டார்: "மூடியைத் திறக்காதேங்கோ. எத்தினை இருக்கெண்டு எண்ணவும் திறக்காதேங்கோ. வெளியால வெப்பமானியை மட்டும் பாருங்கோ. பின்னேரம் வரைக்கும் வராட்டி என்னட்டைச் சொல்லுங்கோ, இடம் எடுத்து வைச்சிருக்கிறன்."

அப்புறம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். லீவு நாள். யாரும் கூப்பிடவில்லை.

நானும் அம்மாவும் கூழ் குடித்தோம். சுடச்சுட, மூக்கில் நீர் வடிய. இந்த வீட்டில் கரண்ட் இல்லாதது யாருக்கும் பெரிய காரியமாகவே தெரியவில்லை. மோட்டர் ஓடாவிட்டால் கிணற்றில் வாளி போட்டு இறைத்தார்கள். 1990இல் கரண்ட் போய்ப் பல வருடம் வராமலே இருந்த ஊர். மண்ணெண்ணெயும் கிடைக்காத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி எண்ணெயில் எரித்த விளக்கில் அக்கா படித்ததாக அம்மா சொன்னார். போரில், 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரம் அடங்கிய வலிகாமமே ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்ததையும் சொன்னார். மழை, இருட்டு, நகர முடியாத சனம். "ஏலாத ஆக்களைச் சைக்கிளில கட்டி உருட்டிக்கொண்டு வந்தவை. எங்கட வளவுக்குள்ளயே நாலு குடும்பம். அதில ஒரு பிள்ளைக்குப் பேறு வேற." கூழை ஊற்றிக்கொண்டே, அரிசி விலை சொல்கிற குரலில் சொன்னார்.

எனக்கோ மொபைலில் சார்ஜ் 9 சதவீதம். வீட்டுக்கு ஒரு தகவல் அனுப்பிவிட்டு அணைத்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் மின்விசிறி தானாகச் சுழன்றது. அக்கா வந்தபோது கூழ் ஆறிக் களியாகியிருந்தது. அதைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே செய்தி சொன்னார்: பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் முட்டியதால் நாடே இருண்டதாம். அமைச்சரே சொன்னாராம். அம்மா நம்பவில்லை. "குரங்கு ஒண்டே செய்ததோ, இல்லை வேற ஆக்களும் இருந்தவையோ?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 10, திங்கள்: யாழ்ப்பாணம்

பஸ்ஸில் நகரத்துக்கு. காலை உணவு கடையில். நான் கேட்காமலே மேசையில் ஒரு தட்டு நிறைய வடை, றோல்ஸ், போளி, இன்னும் என்னென்னவோ வைத்துவிட்டுப் போனார்கள். அத்தனைக்கும் காசோ என்று பயந்துபோய் ஒன்றைத் தொட்டேன். எடுத்ததை எண்ணி மட்டும் காசு வாங்குகிறார்கள். இரண்டு வடை, ஒரு போளி, ஒரு பிளேன்டீ, 280 ரூபாய்.

பெரியாஸ்பத்திரி என்று ஊர் சொல்லும் போதனா வைத்தியசாலை நகரத்தின் நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். 1850இல் டைக் என்ற வெள்ளைக்கார அரச அதிபர் தொடங்கி வைத்தது. வடமாகாணத்தில் போதனா வைத்தியசாலை இது ஒன்றுதான், அதனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று எங்கிருந்தும் முடியாத நோயாளி இங்கேதான் வருவார். நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: இது கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சின் கீழ், மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். கடிதம் போனால் இரண்டு மாடிப்படி ஏறி இறங்கி வர வேண்டும். போன் போனால் உடனே போகும். நேற்று பார்த்த வாட்சப் குழு ஏன் ஓடுகிறது என்பது எனக்கு இங்கே நின்றபோதுதான் புரிந்தது. ஆனால் அந்தக் குழுவில் உள்ளவர்கள் ஓய்வு பெற்றால்? வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டால்? நட்பில் ஓடுகிற காரியத்தை யாராவது தாளிலும் ஏற்றி வைக்க வேண்டும். அக்காவிடம் ராத்திரி சொன்னபோது "ஓம், எழுதினா உடன ஒரு கூட்டம் வைப்பினமே" என்று சிரித்தார்.

குடாநாட்டுக்குள் பெரிய வாகனம் வர ஆனையிறவும் சங்குப்பிட்டிப் பாலமும்தான் வழி. இரண்டும் வெள்ளத்தில் மூடினால் உள்ளே இருக்கிற ஆஸ்பத்திரிகள் ஒன்றுக்கொன்று துணை, வேறு யாரும் இல்லை. எங்களுக்குத் தஞ்சாவூர், திருச்சி என்று முதுகுக்குப் பின்னால் ஊர் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் நாங்கள் பல விஷயத்தை யோசிப்பதே இல்லை.

வீதியில், 1990 என்ற எண்ணில் கூப்பிடும் சுவசெரிய ஆம்புலன்ஸ் ஒன்று போனது. நம் 108 போலத்தான், இலவசம். இந்திய உதவியில் 2016இல் தெற்கில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்தது. தேநீர்க் கடையில் அதைப் பெருமையாகச் சொல்லப்போய், பக்கத்தில் இருந்த பெரியவர் "இந்தியாவில எவடம்?" என்று கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கொஞ்ச நேரம் கழித்து, "87 தீபாவளிக்கு நான் இஞ்சை டியூட்டி," என்றார்.

1987 அக்டோபர் 21. இந்திய ராணுவம் இந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதிகள், ஊழியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்த நாள். ஒவ்வொரு வருடமும் இங்கே நினைவுகூர்கிறார்கள். எனக்கு அது நடந்தது தெரியும். தப்பிய ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன் என்று நினைக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பயற்றங்காய் விலையைப் பற்றிக் கடைக்காரரோடு பேசிவிட்டு, எழும்பும்போது என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். எவ்வளவு மறுத்தும் விடவில்லை.

மாலையில் அறிவித்தே ஒன்றரை மணி நேரம் கரண்ட் நிறுத்தினார்கள். நல்லூரில் ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருந்தேன். ஜெனரேட்டர் சத்தத்தில் ஐஸ்கிரீம். சுமார்.

பிப்ரவரி 11, செவ்வாய்: பலாலி

தைப்பூசம். காலையில் கோயில், வழியெல்லாம் காவடி, வேனை மூன்று இடத்தில் நிறுத்தி வழிவிட்டோம். அம்மா கட்டிக் கொடுத்தது: பனங்கிழங்கு ஒரு கட்டு, பருத்தித்துறை வடை இரண்டு பொதி, பனம்பழச் சாற்றைக் காயவைத்த பினாட்டு. விமானத்தில் எடை கூடிப்போய், அவித்த கிழங்கில் பாதியை தம்பியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

நேரம் இருந்ததால், எங்கள் மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்தை மொபைலில் திறந்து அக்காவிடம் கொடுத்தேன். நல்ல திட்டம்தான், வண்ணப் படங்களோடு 60 பக்கத்துக்கு மேல். வேனில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார்.

"ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு வாற ஆளின்ர நம்பர் எத்தினையாம் பக்கத்தில?"

தேடினோம். இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை பூட்டினா அடுத்த ஆள்? தண்ணி ஆர் தாறது? பக்கத்து ஆஸ்பத்திரியில ராத்திரி ஆர் போன் எடுப்பினம், மேட்ரனோ, வாட்ச்சரோ? ரத்தம் குறைஞ்சா ஆரிட்டைக் கேப்பீர்?"

என் விமானச் சீட்டு அச்சடித்த தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் பேருக்கும் நம்பருக்கும் கோடு போட்டுக் கொடுத்தார். "இதை நிரப்பி வாசலில ஒட்டும். பிறகு அந்தப் புத்தகத்தைப் பாப்பம்."

பிப்ரவரி 13, வியாழன்: நாகப்பட்டினம்

பங்க்காரர் நம்பரும், அவர் மைத்துனர் நம்பரும் கிடைத்துவிட்டன. பக்கத்து மருத்துவமனை ராத்திரி டியூட்டி அண்ணன், நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று பத்து நிமிடம் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார். தண்ணீர் லாரிக்காரர் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார்.